மிகத் தூரத்து வாசல்

சமையலறை மேசையில் மூன்று இரவுகள்
வரைபடம் விரிந்தே கிடந்தது.
அதன் மேலேயே சாப்பிட்டோம்.
பொலோன்யாவில் தக்காளிச் சாறு கொட்டியது.

தூரினிலிருந்து லெச்சே வரை
ஆயிரத்து நூறு கிலோமீட்டருக்கு மேல்.
ஒரோன்சோவின் தங்கை தொனாத்தாவுக்கு
சனிக்கிழமை இரண்டாம் கல்யாணம்.

"சுங்கச்சாலை வேண்டாம்.
கடலோரமாகவே இறங்கிப் போகலாம். ஒரு காசு கிடையாது."
"எத்தனை மணி நேரம்?"
"பத்தொன்பது."
"பிள்ளைகளுக்கு?"
"பிள்ளைகளுக்கும் பத்தொன்பதுதான்."

கணக்கு நோட்டில் நடுவே ஒரு கோடு.
ஒரு பக்கம் சுங்கம், எழுபத்தாறு யூரோ.
மறுபக்கம் கூடுதல் பெட்ரோல்,
நடுவழியில் நாலு பேர் படுக்க ஒரு விடுதி,
ஸேனோ வாந்தி எடுத்தால் மாற்றுச் சட்டை,
மிர்த்தாவின் முகம்.
அதற்கு அவன் விலை போடவில்லை.

எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.
பனிக்காலத்தில் நாற்பத்தியொரு நாள்
அவன் கூனேயோவில், ஒரு நண்பன் வீட்டு சோபாவில்.
அப்போது எங்களுக்குள் சண்டையே இல்லை.
மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று
குறுஞ்செய்தி மட்டும்.

எழுபத்தாறு ஜெயித்தது.
தயிர்ப் புட்டியில் சில்லறை சேர்த்தேன்.
"கார்டு தேய்த்தால் போதுமே" என்றாள் மிர்த்தா.
போதும்தான்.
ஆனாலும் காசு குலுங்காத பயணத்தை
என் காது நம்பவில்லை.

வெள்ளி, அதிகாலை நாலரை.
முதல் சாவடியில் இயந்திரம் நாக்கு நீட்டியது.
"சீட்டை நான் வைத்துக்கொள்கிறேன்" என்றான் ஸேனோ.
ஆறு வயது. வேறு பொறுப்பு எதுவும்
அவனுக்கு நாங்கள் தந்திருக்கவில்லை.
தந்தோம்.

பியாசென்சாவில் விடிந்தது.
ரிமினியில் நெரிசல். பக்கத்துக் காரின் கூரையில்
மூன்று மெத்தைகள், மேலே கட்டிய ஒரு சைக்கிள்,
அதன் சக்கரம் மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தது.
பெஸ்காரா தாண்டி எல்லோரும் தூங்கிப்போனார்கள்.
நான் ஓட்டினேன். இடப்பக்கம் கடல்
வருவதும் ஒளிவதுமாக.

பாரி. வெளிவாசல்.
"ஸேனோ, சீட்டு."
அவன் முன் இருக்கைகளுக்கு நடுவே
ஏசித் துவாரத்தைக் காட்டினான்.
"தபாலில் போட்டுவிட்டேன்."

பின்னால் ஹாரன்கள்.
என் கொண்டை ஊசியால் ஒரோன்சோ துழாவினான்.
சீட்டின் ஓரம் தெரிந்தது.
ஊசி பட்டதும் இன்னும் உள்ளே போனது.

பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண்குரல்.
"எங்கே ஏறினீர்கள்?"
"தூரின்."
"சீட்டில்லாமல் அதை நான் எப்படி எழுதுவது?"
ஒரோன்சோ என்மேல் சாய்ந்து
வரைபடத்தைக் காமிராவுக்கு நேரே பிடித்தான்.
"இதோ பாருங்கள், சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்!"
சற்று மௌனம்.
"அது தக்காளியா, ஐயா?"

சீட்டு இல்லாதவர்கள்
மிகத் தூரத்து வாசலிலிருந்து வந்தவர்கள்.
விதி அப்படி.
மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு எழுதலாம்.

அவன் மறுக்க வாய் திறந்தான்.
முழங்கையைப் பிடித்தேன்.
"விடு. சரியாகத்தான் சொல்கிறாள்."

என்னைப் பார்த்தான்.
கூனேயோவைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
அங்கேயும் பேசவில்லை.
தயிர்ப் புட்டியைத் திறந்து
ஒவ்வொரு காசாக என் கையில் வைத்தான்,
நான் ஒவ்வொரு காசாகப் போட்டேன்,
பின்னால் பாதி இத்தாலி ஹாரன் அடிக்க.
பத்து சென்ட் குறைந்தது.
மிர்த்தா தன் பையிலிருந்து எடுத்துத் தந்தாள்,
கார்டு என்ற சொல்லை உச்சரிக்காமல்.

தடுப்புக்கட்டை எழுந்தது.
அதற்கப்புறம் லெச்சே வரை இலவசச் சாலை,
ஆலிவ் மரங்கள், உச்சி வெயில்.
ஏசியைக் கூட்டினேன்.
துவாரத்துக்குள் சீட்டு
படபட படபட என்று அடித்துக்கொண்டது.

"திரும்பும்போது எடுத்துவிடலாம்" என்றான் ஒரோன்சோ.
"தபால் போய்ச் சேர்ந்துவிட்டதா?" என்றான் ஸேனோ.
யாரும் ஏசியை நிறுத்தவில்லை.